லாட்ஜில் தூங்கிய ட்ரைபாட்

கொல்லிமலை ஆகாயகங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேல் படிகள். இறங்கறது பெரிசில்லை, திரும்ப ஏறணுமே! அதை நினைச்சு என்னோட இரண்டரை கிலோ ட்ரைபாடை லாட்ஜிலேயே விட்டுட்டுப் போனேன். அருவி பட்டுத்துணி மாதிரி தெரியணும்னா ஷட்டர் அரை நொடியாவது திறந்திருக்கணும். கையில் பிடிச்சு எடுத்த நாற்பது படத்திலும் தண்ணீரோட சேர்ந்து பாறையும் ஓடியிருந்தது.

அன்னைக்குப் புரிஞ்சது இதுதான்: மலைக்கு நல்ல ட்ரைபாட் என்பது நாம சலிக்காம தூக்கிட்டுப் போறது. சரின்னு எடை குறைஞ்ச ஒன்றை வாங்கினேன். அடுத்த பயணத்தில், காற்றில் அது நடுங்கியது. ஏன்னு தேடிப் படிச்சதன் குறிப்பே இந்தப் பதிவு.

சின்னதா மடங்கணும் என்பதற்காகப் பயண ட்ரைபாடின் ஒவ்வொரு காலையும் நாலைந்து துண்டாக்கி, ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகியிருப்பாங்க. அடித்துண்டு ரொம்ப ஒல்லி. அதே கனமுள்ள குழாயின் நீளம் இரண்டு மடங்கானால், அதே விசைக்கு அது எட்டு மடங்கு வளையும். ஒல்லியாக ஆக இன்னும் மோசம். நடுத்தண்டை உயர்த்தினா மூணு கால் இருந்தும் கேமரா நிற்பது ஒற்றைக் காலில்!

அதனால் வாங்கும்போது முழு உயரத்தைப் பார்க்காதீங்க. நடுத்தண்டை ஏத்தாம எவ்வளவு உயரம் என்று பாருங்க. உதாரணமா பீக் டிசைன் பயண ட்ரைபாடின் முழு உயரம் சுமார் 152 செ.மீ., தண்டு ஏத்தாம சுமார் 130 தான். மார்பு உயரம் போதும், நாம குனிஞ்சுக்கலாம். அதே மாடலில் அலுமினியம் 1.56 கிலோ, கார்பன் ஃபைபர் 1.27 கிலோ. அந்த 290 கிராமுக்குக் கூடுதல் விலை தரணுமா என்பது உங்க முதுகும் பர்ஸும் பேசி முடிக்க வேண்டியது. ‘இத்தனை கிலோ தாங்கும்’ என்ற எண்ணை மட்டும் நம்பாதீங்க. தாங்கறது வேற, ஆடாம நிற்கறது வேற.

பயன்படுத்தும்போது சில விஷயங்கள்:

- கனமான மேல்துண்டை முதலில் இழுங்க, ஒல்லியானதைக் கடைசியா. ஓடைக்குள் வைக்கும்போது மட்டும் தலைகீழ்: அடித்துண்டை முதலில் நீட்டினா லாக் தண்ணீருக்கு மேலே இருக்கும், மணல் புகாது.
- சரிவில் இரண்டு கால் பள்ளத்துப் பக்கம், ஒன்று மேட்டுப் பக்கம்.
- பையைக் கொக்கியில் தொங்கவிட்டா காற்றில் ஊஞ்சலாடி அதுவே ட்ரைபாடை ஆட்டும். அடிப்பகுதி தரையில் லேசா தொடும்படி விடுங்க.
- ஷட்டரை விரலால் அமுக்கினாலே அதிரும். 2 நொடி டைமர் வைங்க.
- வீட்டுக்கு வந்ததும் கால்களை நீட்டிக் காய வைங்க.

போன மாசம் அதே ஒல்லி ட்ரைபாடோட மறுபடி ஆகாயகங்கை போனேன். தண்டை ஏத்தலை, இடுப்பு உயரத்தில் வைச்சு அரை நொடி. பாறை பாறையாவே நின்னது. மூச்சிரைக்க மேலே வந்தப்போ அன்னாசிப்பழம் விக்கிற அம்மா என் தோளைப் பார்த்துட்டுக் கேட்டாங்க: "என்ன தம்பி, ரோடு போட அளக்க வந்தீங்களா?"