சத்தம் எப்ப வருது?

பட்டறைக்குள் நுழைந்ததும் காரின் சத்தம் நின்றுவிடும், டாக்டரைப் பார்த்ததும் காய்ச்சல் விட்டுவிடுகிற குழந்தை மாதிரி. போன மாதம் எனக்கு அப்படித்தான் ஆனது. "ஏதோ சத்தம் வருதுண்ணே" என்றேன். மெக்கானிக் பானட்டைத் திறக்கவே இல்லை. "என்ன சத்தம்ங்கறது இருக்கட்டும் சார், எப்ப வருது?" என்றார். பிரேக் பிடிக்கும்போதா, வண்டியைத் திருப்பும்போதா, காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டுமா? என்னிடம் பதில் இல்லை.

காரைப் பற்றி ஒன்றுமே தெரியாதவர்கூட இந்த 'எப்போது' என்பதைக் கவனித்துச் சொல்லிவிட்டால் மெக்கானிக்குப் பாதி வேலை மிச்சம். சத்தத்தைச் சொல்லிக் காட்டவும் கஷ்டமில்லை. இரட்டைக்கிளவி எதற்கு இருக்கிறது?

முதலில் ஒரு சோதனை. வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, ஆக்ஸிலேட்டரை லேசாக மிதியுங்கள். நிற்கும்போதே சத்தம் வந்து, மிதிக்க மிதிக்கக் கூடினால் அது எஞ்சின் பக்கத்துக் கோளாறு. ஓடும்போது மட்டும் வந்தால் பெரும்பாலும் சக்கரம், பிரேக், சஸ்பென்ஷன் பக்கம் தேட வேண்டும்.

பிரேக் மிதித்தால் கீச்சென்று கத்துகிறதா? பல கார்களில் பிரேக் பேடோடு ஒரு சின்னத் தகடு இருக்கும். பேட் தேய்ந்து சுமார் 3 மில்லிமீட்டருக்கு வந்ததும் அது டிஸ்க்கில் உரசிச் சத்தமிடும். வேண்டுமென்றே வைத்த எச்சரிக்கை மணி அது. அப்போதே போனால் பேடோடு செலவு முடியும். கீச் என்பது கரகர என்று மாறும்வரை ஓட்டினால் இரும்பும் இரும்பும் அரைத்துக்கொள்ளும், டிஸ்க்கும் போய்விடும். மழைக்கு மறுநாள் காலை முதல் இரண்டு மூன்று பிரேக்கில் மட்டும் கேட்கும் உரசலுக்குப் பயப்பட வேண்டாம். டிஸ்க்கின் மேல் படிந்த மெல்லிய துரு அது, தானே போய்விடும்.

ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போது டக்டக் என்று வந்தால் ஆக்ஸிலின் சி.வி. ஜாயிண்டைப் பார்க்கச் சொல்லுங்கள். அதை மூடியிருக்கும் ரப்பர் கிழிந்து, கிரீஸ் வெளியேறி, மண் புகுந்திருக்கும். வேகம் கூடக் கூட வண்டு ரீங்காரம் போல ஓர் 'ஊம்' கூடினால் வீல் பேரிங். இடப்பக்கம் வளையும்போது வண்டியின் பாரம் வலப்பக்கம் சாயும். அப்போது ஊம் அதிகமானால் சந்தேகம் வலப்பக்கச் சக்கரத்தின் மேல்தான். மேடு பள்ளத்தில் மட்டும் லொடலொட என்றால் சஸ்பென்ஷன் புஷ்ஷாக இருக்கலாம். என் காரில் வந்தது இந்த ரகம்தான். டிக்கியில் ஜாக்கியின் பிடி கழன்று ஆடிக்கொண்டிருந்தது.

காலையில் முதல் ஸ்டார்ட்டில் கிறீச்சென்றால் ஃபேன் பெல்ட். சாவியைத் திருப்பினால் டிக்டிக் மட்டும் கேட்டு, எஞ்சின் சுற்றாவிட்டால் பேட்டரியில் சார்ஜ் இல்லை. எஞ்சினின் அடிவயிற்றிலிருந்து டொக்டொக் என்று கனமாகக் கேட்டு, ஆயில் விளக்கும் எரிந்தால் அந்த இடத்திலேயே எஞ்சினை அணைத்துவிடுங்கள்.

இனி வாடை. இதிலும் 'எப்போது' உதவும். கருகிய சாக்கு போன்ற நெடி மலை ஏறும்போது வந்தால் கிளட்ச், இறங்கும்போது வந்தால் பிரேக். சமதளத்தில், ஒரே ஒரு சக்கரம் மட்டும் சுட்டு நாறினால் அந்தச் சக்கரத்தின் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஹேண்ட் பிரேக்கை எடுக்க மறந்தவர்களும் இந்த வாடையைப் பிடித்திருப்பார்கள்.

மலை இறக்கத்து வாடையை மட்டும் அலட்சியப்படுத்தாதீர்கள். கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கும் சாலையில் 36 வளைவுகள்தான், ஆனால் இறக்கம் செங்குத்து. அங்கே மூன்றாவது, நான்காவது கியரில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் டிஸ்க் பழுக்கக் காயும். அந்தச் சூடு பிரேக் ஆயிலுக்கு ஏறும். புது டாட் 3 ஆயில் 205 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். ஆனால் அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் ஆயில்; பழசானால் 140 டிகிரியிலேயே கொதித்துவிடக்கூடும். கொதித்தால் குழாயில் குமிழிகள். பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது. கருகல் வந்ததுமே ஓரம்கட்டி ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், டிஸ்க் வளைந்துவிடும். பிறகு முதல் அல்லது இரண்டாவது கியரில் இறங்குங்கள், எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும்.

வெல்லப்பாகு காய்வது போல இனிப்பு வாடை வந்தால் கூலன்ட் கசிகிறது. அதிலுள்ள எத்திலீன் கிளைக்காலின் தித்திப்பு அது. நாயோ குழந்தையோ நக்கினால் விஷம். வெப்பமானியின் முள்ளைப் பாருங்கள். ஏறிக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிடும். பழைய எண்ணெய் வடைச்சட்டியில் புகைவது போன்ற வாடை என்றால் எஞ்சின் ஆயில் கசிந்து சூடான சைலன்சர் குழாயில் சொட்டுகிறது. போகி காலையில் டயர் எரிக்கும் நெடி என்றால் பெல்ட் வழுக்குகிறது. அழுகிய முட்டை நாற்றம் இரண்டு இடங்களிலிருந்து வரலாம்: சைலன்சரோடு இருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர், அல்லது அளவுக்கு மீறி சார்ஜ் ஏறும் பேட்டரி. பானட்டுக்குள்ளிருந்து வருகிறது என்றால் பேட்டரிதான். பக்கத்தில் தீக்குச்சி கிழிக்கக் கூடாது.

மூன்று வாடைகளுக்கு மட்டும் 'எப்போது' என்று ஆராய வேண்டியதில்லை. வயர் கருகும் பிளாஸ்டிக் நெடி, பெட்ரோல் வாடை, வண்டிக்குள் புகை வாடை. நாள்கணக்கில் நிறுத்தி வைத்த காரில் முதல் இரண்டும் எலியின் கைங்கரியமாக இருக்கலாம், வயரையும் பெட்ரோல் குழாயையும் கடித்துவைக்கும். வண்டிக்குள் வரும் புகையோடு கார்பன் மோனாக்ஸைடும் சேர்ந்து வரும், அதற்கென்று தனி வாடை கிடையாது. இந்த மூன்றில் எது வந்தாலும் எஞ்சினை அணைத்து, கதவுகளைத் திறந்து, எல்லோரும் இறங்கித் தள்ளி நில்லுங்கள். மறுபடி சாவியைத் திருப்பிப் பார்க்க வேண்டாம். பட்டறை அரைக் கிலோமீட்டரில் இருந்தாலும் கட்டி இழுத்துத்தான் போக வேண்டும்.