விமானம் ஏறுமுன் உண்ணத் தக்கவை

பெங்களூரில் வாழும் நம்மில் பலர், தேவனஹள்ளி அருகே 2008-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட விமான நிலையத்தின் வழியே ஊர் செல்கிறோம். அதன் ஓய்வுக்கூடங்களில் பலவகைப் பதார்த்தங்கள் வேண்டுமளவு கிடைக்கின்றன. அவற்றுள் எவற்றை உண்பது?

பறக்கும் விமானத்தினுள் காற்றழுத்தம், ஏறத்தாழ உதகமண்டலத்தின் உயரத்தில் இருப்பதற்கு ஒப்பாகும். அழுத்தம் குறையும்போது வயிற்றிலுள்ள வாயு விரிவடைகிறது. கடற்கரையிலுள்ள சென்னையில் ஏறுவோருக்கு இவ்விரிவு மூன்றில் ஒரு பங்கு வரை ஆகலாம். பெங்களூரோ சுமார் 3,000 அடி உயரத்தில் உள்ளது. ஆதலின் இங்கு ஏறுவோருக்கு அது ஐந்தில் ஒரு பங்களவே. ஆயினும் வயிற்றுப் பொருமலுக்கு அதுவே போதும்.

எனவே வாயுவை மிகுவிக்கும் கொண்டைக்கடலை, சோடா முதலியவற்றையும், செரிக்கத் தாமதமாகும் பூரி, வடைகளையும் தவிர்த்தல் நலம். இட்டலி, தயிர்ச்சோறு, பப்பாளி ஆகியவை ஏற்றவை. விமானத்தினுள் காற்று மிக வறண்டிருக்குமாதலால் தண்ணீர் போதிய அளவு அருந்த வேண்டும். நீரிழிவு நோயுடையோர், விமானம் தாமதமாயினும், உணவு வேளையைத் தவறவிடலாகாது. முதிய பெற்றோரைத் தனியே அனுப்புவோர் இதனை அவர்களுக்கு எடுத்துரைப்பது கடமையாகும்.

கட்டணம் செலுத்தினோமே என்று வயிற்றை நிரப்புவது சிக்கனமன்று. அளவோடு உண்டவரே சுகமாக ஊர் சேர்வர்.