சிக்னல் போன பிறகு வழி காட்டுவது எது?

தேனி மாவட்டத்தில் மலையடிவாரத்தில் இருக்கும் ஊர் குரங்கணி. அதற்கு மேலே, மலை உச்சியில் இருக்கிறது கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டம். அதுவும் தேனி மாவட்டம்தான். வரைபடத்தில் நேர்கோடு போட்டுப் பார்த்தால் நடுவில் சில கிலோமீட்டர்தான். புதிதாக ஃபோர் வீல் டிரைவ் வண்டி வாங்கியவர் "அரை மணி நேரத்தில் ஏறிவிடலாம்" என்று நினைத்தால் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் குரங்கணியிலிருந்து மேலே போவது ஒற்றையடிப் பாதை. வண்டியில் போக வேண்டுமென்றால் போடிமெட்டு ஏறி, கேரளத்துக்குள் நுழைந்து, பூப்பாறை தாண்டி, சூரியநெல்லிக்குப் போய், அங்கிருந்து உள்ளூர் ஜீப்பில் குலுங்கிக்கொண்டே ஏற வேண்டும். தோட்டம் தமிழ்நாட்டில், அதன் வாசல் கேரளத்தில்.

இதை எந்தச் செயற்கைக்கோளும் உங்களுக்குச் சொல்லாது. நீங்கள் நிற்கும் இடம் எது என்பதைக் கணக்கிட மட்டுமே அது உதவும். அங்கிருந்து எப்படிப் போவது என்பது, யாரோ ஒருவர் வரைந்து வைத்த வரைபடத்தில் இருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. மண்சாலைக்கும் மலைப்பாதைக்கும் ஜிபிஎஸ் கருவியோ செயலியோ தேர்ந்தெடுப்பவர் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது நிற்கும் இடம், போகும் வழி என்ற இந்த இரண்டையும்தான். "எந்தக் கருவி வாங்கலாம்?" என்பது அதற்கு அடுத்த கேள்வி.

டவர் இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும்

செல்போனில் சிக்னல் போனால் ஜிபிஎஸ்ஸும் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஏறத்தாழ 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் நேரத்தை ஒலிபரப்பிக்கொண்டே இருக்கின்றன. உங்கள் கையிலுள்ள கருவி, ரேடியோ கேட்பதுபோல அதைக் கேட்கிறது. நான்கு செயற்கைக்கோள்களின் ஒலிபரப்பு கிடைத்தால் போதும்: ஒவ்வொன்றும் வந்து சேர எடுத்த நேரத்தைக் கொண்டு இடத்தைக் கணக்கிட்டுவிடும். இதற்கு சிம் கார்டு தேவையில்லை, டேட்டாவும் தேவையில்லை. டவர் இருந்தால் முதல் தடவை இடத்தைப் பிடிப்பது சீக்கிரம் நடக்கும். இல்லையென்றால் வெட்டவெளியில் சில நிமிடம் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

டவர் போனால் காணாமல் போவது வரைபடம். நீலப்புள்ளி இருக்கும், அதற்குக் கீழே சாம்பல் நிறக் கட்டம் மட்டும் தெரியும். வழக்கமாக வரைபடத்தை இணையத்திலிருந்து துண்டு துண்டாக எடுத்து வந்து காட்டுவதுதான் செயலிகளின் வேலைமுறை. ஆகவே கிளம்புவதற்கு முன்பே வரைபடம் முழுவதும் போனுக்குள் இறங்கியிருக்க வேண்டும். லடாக் போகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். ஜம்மு காஷ்மீரிலும் லடாக்கிலும் வெளிமாநில ப்ரீபெய்டு சிம் வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு வைத்திருந்தாலும் ஊர்களைத் தாண்டினால் மணிக்கணக்கில் சிக்னல் கிடையாது.

துல்லியம் பற்றியும் ஒரு வார்த்தை. திறந்த வானத்தின் கீழ் சாதாரண ஸ்மார்ட்போனே சுமார் 5 மீட்டருக்குள் இடத்தைச் சொல்லிவிடும். அடர்ந்த சோலைக்குள்ளோ இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவிலோ நுழைந்தால், ஒலிபரப்பு பாறையில் பட்டுத் திரும்பி வந்து கருவியைக் குழப்பும். புள்ளி பக்கத்துச் சரிவுக்குத் தாவும். அமெரிக்காவின் ஜிபிஎஸ்ஸோடு ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, நம் நாட்டின் நாவிக் ஆகியவற்றையும் கேட்கும் போன்களிலும், எல்1, எல்5 என்று இரண்டு அலைவரிசைகளில் கேட்கும் போன்களிலும் இந்தத் தாவல் குறைவு. புதிய போன் வாங்கும்போது இதைப் பார்த்து வாங்கலாம். இதற்காகவே புதுப் போன் வாங்க வேண்டிய அவசியமில்லை.

ஒன்றில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். பெரிய திரை வேண்டுமென்று டேப்லெட் வாங்குபவர்கள் விலை குறைவென்று வைஃபை மட்டும் உள்ள மாடலை எடுத்துவிடுகிறார்கள். வைஃபை மட்டும் உள்ள ஐபேடில் ஜிபிஎஸ் சில்லே கிடையாது. சிம் போடும் மாடலில்தான் உண்டு.

வரைபடத்தில் என்ன பார்க்க வேண்டும்?

தார்ச்சாலைக்கு கூகுள் மேப்ஸ் போதும். அதில் ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்து ஆஃப்லைனில் வைத்துக்கொள்ளலாம், கார் ஓட்ட வழியும் கேட்கலாம். ஆனால் அப்படி இறக்கியதில் செயற்கைக்கோள் படம் வராது, நடைவழி வராது. புதுப்பிக்காமல் விட்டால் ஒரு கட்டத்தில் காலாவதியும் ஆகிவிடும். எஸ்டேட் ரோடு, வண்டித்தடம் போன்றவை பல இடங்களில் அதில் இருப்பதே இல்லை.

அந்த இடத்தில் கைகொடுப்பது ஓப்பன் ஸ்ட்ரீட் மேப். 2004இல் தொடங்கி, உலகெங்கும் தன்னார்வலர்கள் சேர்ந்து வரைந்துவரும் வரைபடம் இது. ஆர்கானிக் மேப்ஸ், ஓஎஸ்எம்-ஆண்ட் ஆகிய செயலிகள் இதைத்தான் பயன்படுத்துகின்றன. மண்தடத்தையும் நடைபாதையையும் தனித்தனிக் கோடாகக் காட்டுவது இதன் பலம். தடத்தின் தரத்தை ஐந்து படிகளாகப் பிரித்துக் குறிக்கும் முறையும் இதில் உண்டு. முதல் படி கெட்டித் தரை, ஐந்தாவது படி வண்டி புதையும் மண்ணும் புல்லும். வரைந்தவர் அதைக் குறித்திருந்தால் உங்களுக்கு லாபம். குறிக்காமல் விட்ட தடங்களும் ஏராளம் என்பதால் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது.

அடுத்ததாகப் பார்க்க வேண்டியது சமஉயரக் கோடுகள். ஒரே உயரத்திலுள்ள இடங்களை இணைத்துப் போட்ட கோடு இது. சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 வரைபடத்தில் ஒரு சென்டிமீட்டர் என்பது தரையில் 500 மீட்டர். ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் 20 மீட்டர் உயர வித்தியாசம். ஒரு சென்டிமீட்டருக்குள் பத்து இடைவெளிகள் நெருங்கிக் கிடந்தால் 500 மீட்டர் தூரத்தில் 200 மீட்டர் ஏற்றம் என்று பொருள். அது நேராக வண்டி ஏறுகிற சரிவல்ல. குரங்கணிக்கும் கொழுக்குமலைக்கும் நடுவே இப்படிக் கோடுகள் அடைந்து கிடப்பதைப் பார்த்தால், "அரை மணி நேரத்தில் ஏறிவிடலாம்" என்ற எண்ணம் தானாகவே போய்விடும். ஆர்கானிக் மேப்ஸில் இந்தக் கோடுகள் உண்டு. ஓஎஸ்எம்-ஆண்டிலும் சேர்த்துக்கொள்ளலாம். நீங்கள் தேர்ந்தெடுக்கும் செயலியில் இது ஆஃப்லைனிலும் வருகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

யூடியூபில் வெளிநாட்டு ஆஃப்ரோடு வீடியோ பார்த்துவிட்டுச் செயலி வாங்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஆன்எக்ஸ் ஆஃப்ரோட் அமெரிக்கப் பாதைகளுக்காக உருவானது, ஹேமா ஆஸ்திரேலியப் பாதைகளுக்குப் பேர்போனது. இரண்டும் அந்தந்த நாட்டில் பொன்னானவை. ஸ்பிதிப் பள்ளத்தாக்கிலோ ஜவ்வாது மலையிலோ அவற்றுக்குக் கட்டும் சந்தா வீண். கையா ஜிபிஎஸ்ஸில் உலகெங்கும் பயன்படும் நிலத்தோற்ற வரைபடம் உண்டு, ஆனால் ஆஃப்லைனில் வேண்டுமென்றால் பணம் கட்ட வேண்டும்.

ஒரு புள்ளி, 45 கிலோமீட்டர்

காட்டுப்பாதையில் முகவரி கிடையாது. அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைத்தான் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்வார்கள். இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது.

ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. அதன் இடத்தை, விநாடியை விட்டுவிட்டுச் சொன்னால், வடக்கு 12 டிகிரி 34 நிமிடம், கிழக்கு 78 டிகிரி 49 நிமிடம். நண்பர் ஒருவர் அவசரத்தில் இதை "12.34, 78.49" என்று அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். பார்த்தால் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் ஒரு டிகிரிக்கு 60 நிமிடம். 34 நிமிடம் என்பது பதின்மத்தில் 0.57, 49 நிமிடம் என்பது 0.82. அனுப்ப வேண்டிய எண் 12.57, 78.82. தவறான எண்ணைப் போட்டால் செயலி உங்களைக் காவலூருக்குச் சுமார் 45 கி.மீ. தள்ளி, ஊத்தங்கரைப் பக்கம் கொண்டுபோய் நிறுத்தும். மலையே இல்லாத இடத்தில் நின்றுகொண்டு வானாய்வகத்தைத் தேட வேண்டியதுதான்.

தீர்வு சுலபம். குழுவில் எல்லாரும் பதின்ம டிகிரியில் மட்டுமே எண் அனுப்புவது என்று முடிவு செய்துவிடுங்கள். முழுப் பாதையையும் அனுப்ப வேண்டுமென்றால் ஜிபிஎக்ஸ் கோப்பாக அனுப்புங்கள். பாதையைப் புள்ளி புள்ளியாகப் பதிந்து வைக்கும் பொது வடிவம் அது. ஆர்கானிக் மேப்ஸ், ஓஎஸ்எம்-ஆண்ட் போன்ற செயலிகளிலும் தனி ஜிபிஎஸ் கருவிகளிலும் திறக்கும். ஜிபிஎக்ஸ் கோப்பை ஏற்காத செயலியை இந்த வேலைக்கு எடுக்கவே வேண்டாம்.

தனிக் கருவி யாருக்கு வேண்டும்?

கார்மின் போன்ற நிறுவனங்களின் கைக்கருவிகள் போனைவிடத் துல்லியம் என்பதற்காக வாங்கப்படுபவை அல்ல. அவை அடியையும் மழையையும் தாங்கும், உச்சி வெயிலில் திரை நன்றாகத் தெரியும், கையுறையோடு பொத்தானை அழுத்தலாம், பேட்டரி நாள்கணக்கில் நிற்கும். ஈட்ரெக்ஸ் 22எக்ஸ் என்ற சிறிய கருவி இரண்டு பென்சில் பேட்டரியில் 25 மணி நேரம் ஓடும் என்கிறது நிறுவனம். தீர்ந்தால் பெட்டிக்கடையில் வேறு வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் அதன் திரை 2.2 அங்குலம்தான். நடப்பவருக்கு அது போதும், ஸ்டீயரிங் பிடிப்பவருக்குப் போதாது. வண்டியில் பொருத்த ஐந்து அங்குலத் திரையோடு வரும் மொன்டானா 700 வரிசை போன்றவை வசதிதான், விலை அதற்கேற்ப ஏறும்.

போனின் பலவீனம் வெயிலும் குளிரும். ஐபோனைப் பயன்படுத்த ஏற்ற வெப்பநிலை 0 முதல் 35 டிகிரி என்று ஆப்பிள் சொல்கிறது. சித்திரை வெயிலில் முன்கண்ணாடியில் ஒட்டி வைத்த போன் எத்தனை சூடேறும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். சூடு தாங்காமல் திரை மங்கும், பிறகு தானே அணையும். ஏசி காற்று படும் இடத்தில் ஹோல்டரைப் பொருத்தினால் பாதிப் பிரச்சினை தீரும். லடாக்கில் இதற்கு நேர்மாறு: உறையும் குளிரில் பேட்டரி மளமளவென்று இறங்கும். இரவில் போனையும் பவர் பேங்கையும் போர்வைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலோருக்கு நான் சொல்லும் வழி இதுதான்: வீட்டு அலமாரியில் தூங்கும் பழைய ஸ்மார்ட்போனை எடுங்கள். சிம் வேண்டாம். இருப்பதையெல்லாம் அழித்துவிட்டு ஆர்கானிக் மேப்ஸையும் ஓஎஸ்எம்-ஆண்டையும் ஏற்றி, போகும் மாநிலங்களின் வரைபடங்களை இறக்குங்கள். அது வண்டியிலேயே இருக்கட்டும். வழி காட்டுவது மட்டுமே அதன் வேலை. பேசவும் படம் எடுக்கவும் உங்கள் போன் தனியாக இருக்கும். ஒன்று விழுந்து உடைந்தால் இன்னொன்று இருக்கும். தனியாகப் போகிறவர், பைக்கில் போகிறவர், வண்டியை நிறுத்திவிட்டு மலையேறுகிறவர் ஆகிய மூவருக்கு மட்டும் தனிக் கைக்கருவி காசுக்கேற்ற பொருள்.

வாங்கும் முன் சட்டம்

செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவிகளை வெளிநாட்டுக் கடைகளில் தாராளமாக விற்கிறார்கள். ஆபத்தில் பொத்தானை அழுத்தினால் உதவி வரும் என்பார்கள். இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் அவற்றை வைத்திருப்பதே குற்றம். இப்படிப்பட்ட கருவியோடு வந்த வெளிநாட்டுப் பயணிகள் நம் விமான நிலையங்களில் பிடிபட்டிருக்கிறார்கள். செயற்கைக்கோளிலிருந்து வருவதைக் கேட்க மட்டும் செய்யும் சாதாரண ஜிபிஎஸ் கருவிக்கு இந்தச் சிக்கல் இல்லை. இரண்டும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல இருப்பதுதான் தொல்லை. கார்மின் ஜிபிஎஸ்மேப் 67, மொன்டானா 700 போன்ற மாடல்களில் எண்ணுக்குப் பின்னால் 'ஐ' என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது செயற்கைக்கோளுக்குச் செய்தி அனுப்பும் வகை. துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ உறவினரை வாங்கிவரச் சொல்பவர்கள் அந்த ஓர் எழுத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.

இன்னொன்று: வரைபடத்தில் கோடு இருப்பதாலேயே போக அனுமதி உண்டு என்று ஆகிவிடாது. காப்புக்காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும். எல்லையோரப் பகுதிகளுக்குத் தனி அனுமதிச் சீட்டு வேண்டும். கோடு இருக்கிறது என்பதால் பாதை இருக்கிறது என்றும் ஆகாது. 2024 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் பரேலி அருகே, செயலி காட்டிய வழியில் போன கார், பாதியோடு நின்றுபோயிருந்த பாலத்திலிருந்து ராமகங்கை ஆற்றில் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். தார்ச்சாலையிலேயே இந்த நிலை என்றால், ஒவ்வொரு மழைக்கும் இடம் மாறும் காட்டோடையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஓடை, மரப்பாலம், திடீர் இறக்கம் எது வந்தாலும் வண்டியை நிறுத்தி, இறங்கி நடந்து பார்த்துவிட்டுத்தான் ஓட்ட வேண்டும்.

கிளம்பும் முன் ஓர் ஒத்திகை

ஞாயிற்றுக்கிழமை காலை போனை ஏரோபிளேன் மோடில் போட்டுவிட்டு, லொகேஷன் மட்டும் இயக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஊருக்கு வெளியே பத்து கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். புள்ளி நகர்கிறதா? வரைபடத்தைப் பெரிதாக்கினால் சந்துபொந்து தெரிகிறதா? போன வழியைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். திரும்பும்போது அந்தப் பதிவை மட்டும் பார்த்துக்கொண்டு வீடு வந்து சேருங்கள். காட்டில் வழி தவறினால், வந்த தடத்திலேயே திரும்பிப் போவதுதான் பத்திரமான வழி. அதற்கு உதவாத செயலி, எத்தனை அழகாக இருந்தாலும், வேண்டாம்.

ஒத்திகை முடிந்ததும், போகப்போகும் பாதையின் ஜிபிஎக்ஸ் கோப்பை வீட்டில் ஒருவரிடம் கொடுங்கள். எத்தனை மணிக்குள் போன் வராவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். செயற்கைக்கோளுக்குச் செய்தி அனுப்ப அனுமதி இல்லாத நாட்டில், உங்களைத் தேடி வருபவர்களுக்கு அந்தக் கோப்பும் அந்தத் தாளும்தான் வழி காட்டும்.