ஓவியரின் கண்ணும் நெசவாளரின் கையும்

சென்ற மாதம் குறிஞ்சிப்பாடிப் பக்கத்தில் உள்ள நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் பதிவேடுகளைப் பார்வையிடச் சென்றிருந்தோம். கையிருப்புப் பதிவேட்டில் கைலிகளின் எண்ணிக்கை மாதத்துக்கு மாதம் ஏறிக்கொண்டே வந்திருந்தது. அலமாரியைத் திறந்து பார்த்தால் காரணம் விளங்கிவிட்டது. அதே கட்டம், அதே நீலம், அதே பச்சை. திண்ணையில் இருந்த முதிய அங்கத்தினர் ஒருவர் நம்மைப் பார்த்துக் கேட்டார்: "ஐயா, எவரோ எங்கேயோ போட்ட மாதிரியை நாங்கள் நெய்கிறோம். படம் எழுதுகிறவர்களுக்கு மட்டும் புதிது புதிதாக எங்கிருந்து தோன்றுகிறது?"

அக்கேள்விக்கு அன்று நம்மிடம் விடை இல்லை.

மறுநாள் சிதம்பரத்தில் அலுவல் முடிந்தபின், கிழக்கே பிச்சாவரம் சென்று படகேறினோம். உப்பங்கழியின் இருபுறமும் சுரபுன்னைக் காடு. இடையிடையே தில்லை மரங்கள். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்தது இம்மரமே. அதன் இலை உதிருமுன் சிவந்து போகும். பச்சைக் காட்டின் நடுவே அந்தச் சிவப்பு, கரும்பச்சைப் பாவில் ஓடிய ஒற்றைச் சிவப்பு இழைபோல் தோன்றியது. பலமுறை இவ்வழி வந்திருக்கிறோம். அன்றுதான் அதைக் கண்டோம். பெரியவரின் கேள்வி மனத்தில் இருந்ததனால் அல்லவா கண்ணில் பட்டது!

ஓவியர்களின் வரலாற்றிலும் இத்தகைய நிகழ்ச்சியைக் காணலாம். கே. சி. எஸ். பணிக்கர் 1911இல் கோயம்புத்தூரில் பிறந்தவர். மலபாரின் தென்னஞ்சோலைகளும் நீர்நிலைகளும் இளமையிலேயே அவரை ஆட்கொண்டன. குடும்பத்தைக் காக்கத் தந்தி இலாகாவில் வேலை பார்த்தவர், 1936இல் தம் 25ஆம் வயதில் சென்னை அரசினர் ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். நீர்வண்ணத்தில் அவர் தீட்டிய நிலக்காட்சிகள் புகழ் பெற்றன. 1957இல் அப்பள்ளிக்கே தலைவரானார்.

புகழ் வந்தபின் அதே காட்சியைத் திரும்பத் திரும்ப எழுதி அவர் காலங்கழித்திருக்கலாம். அவர் அவ்விதம் செய்யவில்லை. 1954இல் லண்டனிலும் பாரிசிலும் தம் படங்களைக் காட்சிக்கு வைத்துத் திரும்பியவரை, நம் மண்ணுக்கே உரிய ஓவிய மொழி எது என்ற வினா விடவில்லை. 1963 முதல் எழுத்துகளும் எண்களும் கட்டங்களும் ஜாதகக் குறிகளும் போன்ற வடிவங்கள் அவர் படங்களை நிறைத்தன. தென்னையும் நீரும் எழுதிய கை, நம் வீடுகளின் ஏட்டிலும் கணக்கிலும் உள்ள கோடுகளைக் கண்டுகொண்டது. ஆறும் மரமும் மட்டுமே நிலம் அல்ல. அங்கே வாழும் மக்கள் கையால் இட்ட கோடும் நிலத்தைச் சேர்ந்ததே என்று நாம் இதைப் பொருள் கொள்கிறோம்.

இக்கரையின் பழந்தொழிலும் இதையே சொல்கிறது. கடலூரும் பரங்கிப்பேட்டையும் ஒரு காலத்தில் துணி ஏற்றுமதிக்குப் பெயர்போன துறைமுகங்கள். சோழமண்டலக் கரையின் எழுத்துத் துணிகளை ஐரோப்பியர் விரும்பி வாங்கினர். சுமார் 1734இல் போலியே என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி, புதுச்சேரியில் அத்தொழிலை அருகிருந்து பார்த்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு துண்டுத் துணியை வெட்டி வைத்து எழுதியுள்ளார். துணியைக் கடுக்காயிலும் எருமைப் பாலிலும் தோய்த்து, கரித்தூளால் கோடு பதித்து, சிவப்பு வரவேண்டிய இடங்களில் படிகாரக் கரைசலைத் தீட்டுவர். பின்னர் சாயவேர் இட்டுக் காய்ச்சும்போதுதான் சிவப்பு எழும். நீலம் படக்கூடாத இடங்களை மெழுகால் மூடி அவுரிச் சாயத்தில் இடுவர். தீட்டும்போது படிகாரத்துக்கு நிறமில்லை. முடிவில் வரப்போகும் சிவப்பை எழுதுகிறவர் மனத்திலேயே கண்டிருக்க வேண்டும். பூங்கொடி மாதிரிகள் பல கடல் கடந்து வந்தவையே. எனினும் சிவப்பைத் தந்த சாயவேர் இக்கரையின் மணலில் விளைந்தது. 1869க்குப் பின் செயற்கைச் சிவப்பும், 1897க்குப் பின் செயற்கை நீலமும் சந்தைக்கு வந்தன. சாயவேருக்கும் அவுரிக்கும் இருந்த மதிப்பு குன்றியது.

மெழுகிட்டுச் சாயமேற்றும் அந்த உத்தி மீண்டும் ஒரு முறை இக்கரையில் கைகொடுத்தது. படம் விற்றுப் பிழைக்க இயலாது தம் மாணவர்கள் ஓவியத்தையே கைவிடுவதைக் கண்டு பணிக்கர் வருந்தினார். அவர்கள் ஒரு சங்கமாகக் கூடி, பாத்திக் துணி முதலிய கைவினைப் பொருள்களைச் செய்து விற்றனர். ஈட்டியதைச் சேர்த்துச் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் கடலோரம் நிலம் வாங்கி, 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நிறுவினர். கைத்தொழில் வயிற்றைக் காத்தது. எஞ்சிய பொழுது ஓவியத்துக்கு ஆயிற்று. 1977இல் பணிக்கர் மறைந்தார்; கிராமம் நிலைத்து நிற்கிறது. தனியே நின்றால் தாங்க முடியாத நட்டத்தைப் பலர் கூடித் தாங்கிக்கொள்வதுதானே கூட்டுறவு? ஓவியர் வீர சந்தானம் (1947–2017) போன்றோர் நெசவாளர் சேவை மையத்தில் பணியாற்றியதையும் நம் அங்கத்தினர்கள் நினைவிற் கொள்ளலாம். தறியும் தூரிகையும் அந்நியமல்ல.

திரும்பும் வழியில் அச்சங்கத்துக்கு மீண்டும் சென்று பெரியவரிடம் இவற்றைக் கூறினோம். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "நிலத்தைத் தினமும் பார்க்கிறோம் ஐயா. முந்திரிப் பழம் மஞ்சளாகவும் சிவப்பாகவும் தொங்குவது தெரியாதா? ஆனால் நான் அந்த நிறத்தில் நெய்து, அது விற்காமற் போனால் என் கூலியை யார் கொடுப்பார்?" என்றார்.

நியாயமான கேள்வி. புதியதைக் காணும் கண் நெசவாளர்க்கு இல்லை என்று நாம் எண்ணியிருந்தது தவறு. கண் உண்டு, துணிவதற்கு இடந்தான் இல்லை. பணிக்கரின் மாணவர்கள் தேடிக்கொண்டதும் அத்தகைய இடத்தையே.

நிர்வாகக் குழு கூடியபோது இதனை எடுத்துரைத்தோம். ஒரு தறியில் பத்து உருப்படிகள் பெரியவரின் நிறத்திலேயே நெய்வது, விற்றாலும் விற்காவிட்டாலும் கூலியைச் சங்கம் கொடுப்பது, முதலில் சங்கத்தின் சொந்தக் கடையில் வைத்துப் பார்ப்பது என்று தீர்மானமாயிற்று. பத்து உருப்படியின் நட்டம் சங்கத்தை அசைக்காது. ஒரு குடும்பத்தை அசைத்துவிடும். இக்கணக்கு எல்லாச் சங்கங்களுக்கும் பொருந்தும்.

பாவு ஓட்டியாகிவிட்டது. முந்திரிப் பழத்தின் மஞ்சளுக்கு நூல் தோய்ப்பதில் இருமுறை நிறம் தப்பியதாகவும், மூன்றாம் முறை பெரியவரே தோட்டத்திலிருந்து ஒரு பழத்தைக் கொண்டுவந்து சாயத் தொட்டியின் விளிம்பில் வைத்துக்கொண்டு பார்த்ததாகவும் செயலாளர் எழுதியிருக்கிறார். விற்பனை விவரம் வந்ததும் அங்கத்தினர்களுக்குத் தெரிவிப்போம்.