ரீடு நம்பர் மட்டும் பார்த்தால் போதுமா?



கல்யாண ஊர்வலத்தில் பேண்டு செட் போகும்போது, கறுப்பாக நீளமாக ஒன்றை வாயில் வைத்து ஊதிக்கொண்டு முன்னால் ஒருவர் போவாரே, அவர் கையில் இருப்பதுதான் கிளார்னெட். நோணாங்குப்பத்தில் என் அப்பா அதைத்தான் வாசிக்கிறார். போன தை மாதம் அரியாங்குப்பத்தில் ஒரு கல்யாணம். ஊர்வலம் பாதி தூரம் போவதற்குள் அப்பாவின் கீழுதடு வெட்டுப்பட்டு ரத்தம் வந்துவிட்டது. இரண்டு நாள் ரசம் சாதம்கூட சாப்பிட முடியவில்லை. "வயசாயிடுச்சுடா, இதை வித்துட வேண்டியதுதான்" என்றார். விற்றுவிட்டால் வீட்டுக்கு என்ன வருமானம்? ஆனால் கோளாறு வயதில் இல்லை, மவுத்பீஸில்தான் என்று பிறகு தெரிந்தது.

கிளார்னெட் நமக்குப் புதிது இல்லை. 19ஆம் நூற்றாண்டிலேயே தஞ்சாவூர்ப் பக்கம் சதிர்க் கச்சேரியில் சேர்ந்துவிட்டது. பிறகு திருச்சி ஏ.கே.சி. நடராஜன் அதில் முழுக் கர்நாடகக் கச்சேரியே செய்தார். நாதஸ்வரச் சக்கரவர்த்தி டி.என். ராஜரத்தினம் பிள்ளை அவருக்கு 'கிளாரினெட் எவரெஸ்ட்' என்று பட்டம் கொடுத்தார். 2022இல் பத்மஸ்ரீயும் கிடைத்தது.

நாதஸ்வரத்துச் சீவாளியைப் பார்த்திருப்பீர்கள். அதில் இரண்டு பக்கமும் தட்டைதான். இரண்டும் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டு சத்தம் வருகிறது. கிளார்னெட்டில் தட்டை ஒரு பக்கம் மட்டுமே, அதுதான் ரீடு. இன்னொரு பக்கம் அசையாத மவுத்பீஸ். ஆக, கடையில் போய் ரீடு மட்டும் பார்த்து வாங்குகிறவர் பாதிச் சீவாளியைத்தான் பார்த்து வாங்குகிறார்.

ரீடு பெட்டியில் 2, 2½, 3 என்று நம்பர் போட்டிருக்கும். நம்பர் ஏற ஏற ரீடு விறைப்பு. செட்டில் உள்ளவர்கள் "3 நம்பர் ஊதுறவன்தான் ஆம்பளை" என்பார்கள். சுத்தப் பேத்தல். நம்பர் என்றால் கனம் என்று நினைப்பதும் தப்பு. ஒரே மாடலில் 2ம் 3ம் ஒரே அளவில்தான் சீவப்படுகின்றன. சீவிய பிறகு வளைத்துப் பார்த்து, எது எவ்வளவு விறைப்பாக நிற்கிறதோ அதற்கேற்ப நம்பர் போடுகிறார்கள். கம்பெனிக்குக் கம்பெனி கணக்கும் வேறு. ரிகோ 3 என்பது பாரிஸில் 1905இல் தொடங்கிய வாண்டோரன் கம்பெனியின் 2½க்குக் கிட்டத்தட்ட சமம். (நம்ம பாண்டிச்சேரியை ஆண்ட பிரெஞ்சுக்காரர் நாட்டில், தெற்கே வார் என்ற பகுதியில் விளையும் நாணல்தான் ரீடுக்குப் பேர் போனது.) அப்பா ரிகோ 3 வாசித்தவர். கடைக்காரர் மாற்றிக் கொடுத்தது வாண்டோரன் 3. பெட்டியில் எழுதியிருப்பதைப் படிக்க வீட்டில் நான் ஒருத்தன்தான், நானும் அன்றைக்குப் பார்க்கவில்லை.

சரி, மவுத்பீஸ் விஷயத்துக்கு வருவோம். ரீடு நுனிக்கும் மவுத்பீஸ் நுனிக்கும் நடுவே உள்ள இடைவெளியைத்தான் டிப் ஓப்பனிங் என்கிறார்கள். சாதாரணமாக 1.0 முதல் 1.2 மி.மீ. வரை இருக்கும். யமஹா 4சி என்றால் 1.05 மி.மீ., வாண்டோரன் பி45 என்றால் 1.195. இடைவெளி அதிகம் என்றால் ரீடு அதிக தூரம் வளைந்து மூட வேண்டும். அதற்கு இளகிய ரீடு வேண்டும். இடைவெளி குறைவு என்றால் விறைப்பான ரீடு தாங்கும். தெருவில் வாசிக்கிறவர்கள் சத்தத்துக்காகவும் குழைவுக்காகவும் அகன்றதைத்தான் விரும்புவார்கள். அதில் தப்பில்லை. ஆனால் அதில் விறைப்பான ரீடையும் போட்டால் உதட்டால் கடித்துத்தான் மூட வேண்டும்.

மெட்ராலஜி லேபில் சாரிடம் கேட்டு அப்பாவின் மவுத்பீஸை அளந்தேன். ரீடு உட்காரும் பக்கத்தில் தட்டையான கண்ணாடி வைத்து, நுனியில் ஃபீலர் கேஜ் இலைகளை நுழைத்தேன். 1.00ம் 0.25ம் சேர்ந்து தளர்வாகவே போயின! அதாவது 1.25க்கும் மேல். அதன் மேல் வாண்டோரன் 3. உதடு கிழியாமல் என்ன செய்யும்?

உடனே 2 நம்பர் ரீடு வாங்கினோம். உச்ச ஸ்வரங்களில் சுருதி லேசாக இறங்குகிறது, அது உண்மை. ஆனால் போன மாதம் ஒரு முழு ஊர்வலம் வாசித்துவிட்டு வந்து நன்றாகச் சாப்பிட்டார்.

ரீடு விறைப்பாக இருந்தால் சிலர் பிளேடால் சுரண்டுவார்கள். நாம் படித்த கேன்டிலீவர் பீம்தான் ரீடு. விறைப்பு கனத்தின் மும்மடியைப் பொறுத்தது. கனத்தில் பத்தில் ஒரு பங்கு போனால் 0.9 × 0.9 × 0.9 = 0.729, அந்த இடத்தில் விறைப்பு 27 சதவீதம் போய்விடும். ஆகவே அவசரப்படாதீர்கள். முதலில் ரீடை முடி அளவு கீழே இறக்கிக் கட்டிப் பாருங்கள், இளகும். மேலே ஏற்றினால் விறைக்கும். இதற்குக் காசு செலவில்லை.

இன்னொன்று. எபோனைட் மவுத்பீஸை வெந்நீரில் கழுவக் கூடாது, வெயிலிலும் வைக்கக் கூடாது. ரப்பரில் கந்தகம் சேர்த்துச் செய்தது அது. நிறம் பழுப்பாகும், நாற்றம் வரும், வளைந்தும் போகும். அப்பாவுடையது இப்படி அகன்றுபோனதற்கு இதுவும் காரணமோ என்று எனக்குச் சந்தேகம்.

இப்போது 1.05 மி.மீ. மவுத்பீஸ் ஒன்றுக்குப் பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறோம். மிச்சமான 3 நம்பர் ரீடுகளை அப்பா தூக்கிப் போடவில்லை, டப்பாவில் வைத்திருக்கிறார். புதிது வந்ததும் அதில் கட்டிப் பார்க்க வேண்டும்.