கம்பெனி ஆரம்பிக்க ஒரு விசா

சான் ஓசேயில் இருக்கும் என் நண்பன் ஒருவனிடம் எட்டு வருஷமாக ஒரு பிசினஸ் ஐடியா இருக்கிறது. "ஏன்டா இன்னும் ஆரம்பிக்கல?" என்று கேட்டால் ஒரே பதில்தான்: "கிரீன் கார்டு வரட்டும்டா."

அவனிடம் இருப்பது எச்-1பி விசா. வேலை கொடுத்த கம்பெனியோடு ஒட்டிக்கொண்ட விசா அது. வேலை போனாலோ, அவனே விட்டாலோ, மாற்றுவழி தேட அதிகபட்சம் 60 நாள். கிரீன் கார்டிலோ ஒரே நாட்டில் பிறந்தவர்களுக்கு வருஷத்துக்கு 7 சதவீதம்தான் உச்சவரம்பு. அதனால் இந்தியர்களின் வரிசை பல வருஷங்களுக்கு நீள்கிறது. அதற்குள் மகனுக்கு 21 வயது ஆகிவிட்டால், அப்பாவின் மனுவிலிருந்து அவன் கழன்றுபோகும் ஆபத்து வேறு. இந்த நிலைமையில் யார் துணிந்து வேலையை விடுவார்கள்?

இதற்கு மருந்தாகச் சொல்லப்படுவதுதான் 'ஸ்டார்ட்அப் விசா'. நண்பனுக்காக அதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

2010-ல் அமெரிக்க செனட்டர்கள் ஜான் கெர்ரியும் ரிச்சர்ட் லூகரும் ஒரு மசோதா கொண்டுவந்தார்கள். அமெரிக்க முதலீட்டாளர்கள் 2.5 லட்சம் டாலர் போட முன்வந்தால், கம்பெனி தொடங்குபவருக்கு இரண்டு வருஷ விசா. அதற்குள் ஐந்து பேருக்கு வேலை கொடுத்து, 10 லட்சம் டாலர் முதலீடோ வருமானமோ காட்டினால் நிரந்தர வசிப்புரிமை. மசோதா நிறைவேறவில்லை. அடுத்தடுத்து வந்த வடிவங்களும் அப்படியே.

சட்டம் நகராததால் ஒபாமா அரசு 2017 ஜனவரியில் ஒரு விதியை வெளியிட்டது. கவனியுங்கள், இது விசாவே இல்லை. 'பரோல்' எனப்படும் தற்காலிக அனுமதி. முதலில் 30 மாதம், இலக்கை எட்டினால் இன்னொரு 30 மாதம். அதோடு சரி, கிரீன் கார்டுக்கு இதில் நேர்வழி கிடையாது. டிரம்ப் அரசு அதைத் தள்ளிவைத்தது, நீதிமன்றம் அந்தத் தள்ளிவைப்பை ரத்து செய்தது. 2018-ல் விதியையே நீக்கப் பார்த்தார்கள்; 2021-ல் பைடன் அரசு அந்த யோசனையைக் கைவிட்டது. ஆட்சி மாறினால் ஆடும் இப்படி ஒரு நாற்காலியை நம்பி யார் கடை விரிப்பார்கள்?

கனடா வேறு வழியில் போனது. 2013-ல் அது ஆரம்பித்த திட்டத்தில் கிடைத்தது நிரந்தர வசிப்புரிமை. கம்பெனி தோற்றாலும் அது பறிபோகாது. அந்த வருஷமே சிலிக்கான் பள்ளத்தாக்கு நெடுஞ்சாலையோரம் "எச்-1பி தொல்லையா? கனடா பக்கம் வாங்க" என்கிற தோரணையில் விளம்பரப் பலகையும் வைத்தார்கள்! ஆனால் அங்கேயும் விண்ணப்பங்கள் குவிந்தன. ஒரு முதலீட்டு நிறுவனம் வருஷத்துக்குப் பத்து ஸ்டார்ட்அப்களுக்கு மேல் பரிந்துரைக்கக் கூடாது என்று 2024-ல் வரம்பு போட வேண்டியதாயிற்று.

இப்போது வாதத்துக்கு வருவோம். ஆதரவாளர்கள் காட்டுவது விவேக் வாத்வா, அன்னாலீ சாக்சேனியன் குழுவின் 2007 ஆய்வை: 1995 முதல் 2005 வரை அமெரிக்காவில் தொடங்கிய பொறியியல், தொழில்நுட்பக் கம்பெனிகளில் சுமார் 25 சதவீதத்தில் ஒரு நிறுவனராவது வெளிநாட்டில் பிறந்தவர். எதிர்ப்பவர்கள் கேட்பதும் நியாயம்தான்: யார் நாட்டுக்குள் வரலாம் என்பதை முதலீட்டாளரா முடிவு செய்வது? முதலீட்டாளர் வாசலை மிதிக்காமலே வளரும் கம்பெனிகள்தானே அதிகம்?

ஆனால் என்னை நிறுத்திய எண் வேறு. அதே குழு அடுத்த ஆய்வில் இந்த நிறுவனர்கள் எதற்காக அமெரிக்கா வந்தார்கள் என்று விசாரித்தது. பாதிக்கு மேல் படிக்க வந்தவர்கள். 40 சதவீதம் பேர் வேலைக்கு வந்தவர்கள். கம்பெனி தொடங்கவே வந்தவர்கள்? வெறும் 1.6 சதவீதம்! வந்ததற்கும் தொடங்கியதற்கும் நடுவே சராசரியாக 13 வருஷம்.

அதாவது, வாசலில் நின்றுகொண்டு "யார் தொழில்முனைவோர்?" என்று தேடுவது பெரும்பாலும் வீண். அவர்கள் ஏற்கெனவே வீட்டுக்குள் இருக்கிறார்கள், யாரோ ஒருவருடைய சம்பளப் பட்டியலில். கூட வேலை பார்த்த ஆட்களும், சந்தையைப் பற்றிய அறிவும், கொஞ்சம் சேமிப்பும் அந்த 13 வருஷத்தில்தான் சேர்கின்றன.

அதனால் ஸ்டார்ட்அப் விசா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வரட்டும், நல்லதுதான். ஆனால் வேலையை விட்டாலும் நாட்டை விட்டுப் போக வேண்டியதில்லை என்ற நிலைமை வந்தால், அதைவிட அதிகம் பேர் தாங்களாகவே கம்பெனி தொடங்குவார்கள் என்பது என் கணிப்பு.

இதையெல்லாம் நண்பனிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். "எனக்கு 15 வருஷம் ஆச்சுடா, சராசரியைத் தாண்டிட்டேன்" என்று சிரித்தான். அப்புறம், நாளைக்குக் காலையில் ஆபீசில் மீட்டிங் இருக்கிறது என்று போனை வைத்துவிட்டான்.