காபிக் கறைக்குக் கரை போட்டது யார்?

காலையில் காபி ஆற்றும்போது சமையல் மேடையில் ஒரு சொட்டு சிந்துகிறது. உடனே துடைத்துவிட்டால் சுவடே தெரியாது. துடைக்க மறந்துவிட்டால் மதியம் அங்கே ஒரு கறை இருக்கும். அதைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். நடுவில் வெளுத்துப்போய், ஓரத்தில் மட்டும் கரும்பழுப்பாக ஒரு வளையம் தெரியும். வேட்டிக்குக் கரை வைத்த மாதிரி!

டம்ளரின் அடிப்பாகம் பதிந்த வட்டத்தைச் சொல்லவில்லை. அது வேறு. இது, சிந்திய சொட்டு தானாகவே காய்ந்து போட்டுக்கொள்ளும் வளையம்.

இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? சொட்டு என்பது ஒரு குட்டி மேடு. நடுவில் உயரம், ஓரத்தில் மெலிசு. அப்படியென்றால் காபி அதிகமாக இருந்த நடுப்பகுதிதானே அதிகமாகக் கறுத்திருக்க வேண்டும்? இங்கே தலைகீழாக அல்லவா இருக்கிறது! நடுவில் இருந்த காபித் துகள்களை ஓரத்துக்குக் கொண்டுபோனது யார்?

பல நூறு ஆண்டுகளாக உலகம் காபி குடிக்கிறது. கறையைத் துடைத்தவர்கள் எத்தனையோ கோடிப் பேர். அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியரான சிட்னி நேகல், 'இது ஏன் இப்படி?' என்று கேட்டார். அவரும் மற்ற ஐந்து பேரும் சேர்ந்து ஆராய்ந்து, 1997-ஆம் ஆண்டு 'நேச்சர்' என்ற அறிவியல் இதழில் விடையை வெளியிட்டார்கள்.

விடை இதுதான். சொட்டின் ஓரம் தரையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. காயக் காய உள்ளே சுருங்கி வருவதில்லை. அந்த மெல்லிய ஓரத்தில்தான் தண்ணீர் சீக்கிரமாக ஆவியாகிறது. ஆனால் ஓரமோ இடத்தைவிட்டு நகராது. எனவே போன தண்ணீரை ஈடுகட்ட, நடுவில் இருந்து தண்ணீர் ஓரத்தை நோக்கி ஓடுகிறது. வாய்க்கால் தண்ணீர் சருகுகளை அடித்துக்கொண்டுபோய் மதகுக் கம்பியில் குவிப்பதைப் பார்த்திருப்பீர்களே? அதேபோல, ஓடும் தண்ணீர் காபித் துகள்களையும் இழுத்துப்போய் ஓரத்தில் சேர்த்துவிடுகிறது. தண்ணீர் ஆவியாகிவிடும். துகள் எங்கே போகும்? அங்கேயே தங்கிவிடும்.

கண்ணுக்கு அசையாமல் கிடக்கும் ஒரு சொட்டுக்குள் இத்தனை ஓட்டம்!

இது சரியா என்று சோதிக்க அவர்கள் ஒரு வேலை செய்தார்கள். சொட்டின் மேல் மூடி வைத்து, மூடியின் நடுவில் மட்டும் சின்னத் துளை போட்டார்கள். அதனால் ஓரத்தில் வேகமாக ஆவியாக முடியவில்லை. வளையமும் விழவில்லை!

காபிக் கறைக்கு இத்தனை ஆராய்ச்சியா என்று பெரியவர்கள் சிரிக்கலாம். 'இங்க்ஜெட்' பிரிண்டர் குட்டிக் குட்டி மைச்சொட்டுகளால்தான் அச்சடிக்கிறது. மை ஓரத்தில் ஒதுங்கினால் அச்சு சீராக இருக்குமா? 2011-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தார் இன்னொன்றைக் கண்டார்கள். உருண்டையான துகள்களுக்குப் பதில் நீள்வட்டத் துகள்களைக் கலந்தால், அவை சொட்டின் மேற்பரப்பில் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு ஓரத்துக்குப் போவதில்லை. கறை சீராகக் காய்கிறது.

நீங்களும் பார்க்கலாமே! பால், சர்க்கரை சேர்க்காத டிகாஷனில் ஒரு சொட்டை வெள்ளைத் தட்டில் விடுங்கள். (அம்மாவிடம் கேட்டுவிட்டு!) மின்விசிறி வேண்டாம். பக்கத்தில் பால் கலந்த காபி ஒரு சொட்டு. அடுத்து, செம்மண் கரைத்த தண்ணீர் ஒரு சொட்டு. கடைசியாக, டிகாஷனில் துளி சோப்புத் தண்ணீர் கலந்து ஒரு சொட்டு. பள்ளிக்குப் போய்வந்து பாருங்கள். எதற்குக் கரை அழுத்தமாக விழுந்தது? எதற்கு விழவே இல்லை? நோட்டில் படமாக வரைந்து, பக்கத்து வீட்டு நண்பனின் நோட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.